முட்டை ஓட்டிலிருந்து செடிக்குச் சுண்ணாம்புச் சத்து: கொங்கு மண்ணுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

தக்காளியின் அடியில் கருப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து வரும் முதல் யோசனை "முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்க" என்பதுதான். யோசனை தப்பில்லை. அந்தக் கருப்புக்குப் பெயர் அடி அழுகல், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததால் வருவது. முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், அதாவது நம் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். ஆனால் அது எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி கரையாது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் மம்மட்டி போட்டாலே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் புரண்டு வரும். அந்த மண்ணில் முட்டை ஓடு போடுவது வீண் வேலை. அதே ஊரில், மாடியில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் மிளகாயும் தக்காளியும் வளர்க்கிறவருக்கு அது நிஜமாகவே மருந்து. ஆகவே ஓட்டைச் சேர்க்க ஆரம்பிப்பதற்கு முன்னால், உங்களுக்கு அது தேவையா என்று பார்த்துவிடலாம்.

மண்ணையும் தண்ணீரையும் சோதிப்பது

இதற்குச் செலவு கிடையாது. சமையலுக்கு வாங்கிய வெள்ளை வினிகர் இருந்தால் போதும். தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து கைப்பிடி மண் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கட்டியை உடைத்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு, நனையும் அளவுக்கு வினிகர் ஊற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். நுரை கிளம்பினாலோ, சோடா ஊற்றியதுபோல் பொரியும் சத்தம் கேட்டாலோ, மண்ணில் கரையாத சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அமிலம் சுண்ணாம்பைத் தொட்டதும் கரியமில வாயு வெளியேறுகிறது, அவ்வளவுதான். கரும்மண்ணில் இது அடிக்கடி நடக்கும். செம்மண் எல்லாம் ஒன்றல்ல. சில இடங்களில் பொரியும், சில இடங்களில் ஒன்றும் ஆகாது.

அடுத்து தண்ணீர். உங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதா? வெந்நீர்ப் போசியின் உள்ளே வெள்ளை ஓடு கட்டுகிறதா? குழாய் வாயில் சுண்ணாம்பு படிகிறதா? அப்படியென்றால் ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் செடிக்குக் கால்சியம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீரை மட்டுமே மாடிச் செடிகளுக்கு ஊற்றுகிறவர்கள் நிலை வேறு. குடிக்க அமிர்தமாக இருக்கும் அந்த மென்மையான தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. மழைநீர் சேமித்து ஊற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

மூன்றாவது, நீங்கள் எதில் வளர்க்கிறீர்கள் என்பது. பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து வரும் ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டிகளை நம்பித்தான் பாதி மாடித்தோட்டங்கள் ஓடுகின்றன. நார்க்கழிவுக்கு ஒரு குணம் உண்டு. அதற்குள் இயல்பாகவே சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) உப்பும் ஏறியிருக்கும். நாம் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தான் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு அந்த உப்புகளை வெளியே விடும். புதுப் பையில் நட்ட தக்காளிக்கு முதல் காய்களிலேயே அடி கருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுருக்கமாக என் கணக்கு இது. மண் பொரிந்து, தண்ணீரும் கடினம் என்றால் முட்டை ஓட்டை உரக்குழியில் போட்டுவிட்டு, நீர்ப்பாய்ச்சலைச் சரி செய்யுங்கள். மண் பொரியவில்லை, தண்ணீரும் மென்மை என்றால் கீழே சொல்லும் எல்லாம் உங்களுக்குத்தான். வால்பாறை, ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் மண் புளிப்பானது என்பதால் அங்கே முட்டை ஓட்டுத் தூள் நன்றாகவே கரையும். சந்தேகம் இருந்தால் மண் மாதிரியை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ கொடுத்துப் பாருங்கள். அறிக்கையில் பி.எச். (மண்ணின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.5க்கு மேல் என்றிருந்தால், அந்த மண்ணில் முட்டை ஓடு ஓடாகவேதான் கிடக்கும்.

மண்ணில் இருந்தும் காய்க்குப் போகாதது ஏன்

செடிக்குள் கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். வேரிலிருந்து புறப்பட்டு, எந்தப் பகுதி அதிகமாக நீரை ஆவியாக்குகிறதோ அங்கே போய்ச் சேரும். இலைதான் அதிகம் ஆவியாக்கும், காய் மிகக் குறைவு. இலையில் ஒருமுறை படிந்த கால்சியம் திரும்பி இறங்கிக் காய்க்கு வராது. தழைச்சத்து அப்படி இல்லை, பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகரும். அதனால்தான் கால்சியம் குறைந்தால் பழைய இலைகள் பச்சையாகவே இருக்க, குருத்து சுருங்கி நுனி கருகும், பிஞ்சின் அடி அழுகும்.

இதை மானாவாரிக் கடலைக்காட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கடலை தன் காய்க்கு வேண்டிய கால்சியத்தை வேர் வழியாக அல்ல, மண்ணுக்குள் இறங்கிய காயின் தோல் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) போடச் சொல்கிறார்கள். போடாவிட்டால் காய் பெருத்திருக்கும், உள்ளே பருப்பு இருக்காது.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல், காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, பல்லடம் பக்கம் இலைகள் நாள் முழுக்க நீரை இழக்கும். ஏறும் கால்சியம் முழுவதையும் இலையே வாங்கிக்கொள்ளும், காய் பட்டினி கிடக்கும். ஆடிப்பட்டத் தக்காளியில் அடி கருப்பு அதிகம் தெரிந்தால் மண்ணைத் திட்டுவதற்கு முன் காற்றையும் கணக்கில் எடுங்கள். மாடியில் காற்று வரும் திசையில் ஒரு நிழல்வலைத் தடுப்பு கட்டினாலே பாதி வித்தியாசம் தெரியும்.

முட்டை ஓட்டுத் தூள் செய்யும் முறை

ஒரு முட்டை ஓடு சராசரியாக 5 முதல் 6 கிராம் எடை. அதில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம். நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு ஓட்டுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. வீட்டில் சேர்வது போதாது என்றால் தெருமுனை பேக்கரியில் சொல்லி வையுங்கள். முட்டை பப்ஸும் கேக்கும் போடுகிற கடையில் ஒரு வாரத்தில் சேர்வதை வீட்டில் சேர்க்க மாதங்கள் ஆகும். ஒரு மூடி போட்ட வாளியைக் கொடுத்துவிட்டு வந்தால் மகிழ்ச்சியாகவே போட்டு வைப்பார்கள்.

1. உடைத்த கையோடு ஓட்டைத் தண்ணீரில் அலசுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைக்கரு போகவேண்டும். போகாவிட்டால் நாற்றமும் எறும்பும் எலியும் வரும். உள்சவ்வை உரிக்கத் தேவையில்லை, அது மக்கி உரமாகும். உப்புப் போட்டு வேகவைத்த முட்டையின் ஓடு என்றால் இன்னொரு தடவை கழுவுங்கள்.

2. முறத்தில் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பிறகு பழைய இரும்புச் சட்டியில் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் வறுங்கள். பச்சை முட்டை ஓட்டில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. கீரையும் வெங்காயத்தாளும் பச்சையாகப் பறித்துச் சாப்பிடும் தோட்டத்தில் இந்த வறுப்பை விட்டுவிடாதீர்கள். வறுத்தால் ஓடு மொறுமொறுப்பாகி அரைப்பதும் சுலபம்.

3. கையால் நொறுக்கி, பழைய மிக்ஸி ஜாரில் அரையுங்கள். சட்னி அரைக்கும் நல்ல ஜார் வேண்டாம், கீறல் விழும். அரைத்ததும் உடனே மூடியைத் திறக்காமல் தூசி அடங்கும்வரை பொறுத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு திறங்கள்.

4. மாவுச் சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் நிற்பதை மறுபடி அரையுங்கள். விரலுக்கு நடுவே தேய்த்தால் கோலமாவு மாதிரி நறநறவென்று இருக்கக்கூடாது, மைதா மாதிரி வழுக்கவேண்டும்.

இந்த நான்காவது வேலையில்தான் எல்லாமே இருக்கிறது. கையால் நொறுக்கிப் போட்ட ஓடு அடுத்த ஆண்டு மண்ணைக் கிளறும்போதும் அப்படியே கிடைக்கும். தூள் எவ்வளவு மென்மையோ அவ்வளவு பரப்பு மண்ணின் புளிப்பில் படும், அவ்வளவு சீக்கிரம் கரையும். ரோஜாக் குச்சியின் நுனியில் ஓட்டைக் கவிழ்த்து வைப்பது அழகுக்கு இருக்கட்டும், செடிக்கு ஒரு பொட்டுக் கால்சியம் கூட அதிலிருந்து இறங்காது. நத்தை வராமல் இருக்க ஓட்டைச் சுற்றிப் போடுவதையும் நம்பாதீர்கள், அது ஏறிக்கொண்டு போய்விடும்.

காய்ந்த டப்பாவில் போட்டு மூடி வைத்தால் தூள் கெடாது.

எவ்வளவு, எப்போது

பை நிரப்பும்போதே கலப்பதுதான் சரி. 20 லிட்டர் கலவைக்கு மூன்று மேசைக்கரண்டித் தூள், ஏறக்குறைய ஏழெட்டு முட்டையின் ஓடு. நார்க்கழிவு லேசான புளிப்புத் தன்மை உள்ளது என்பதால் தூள் மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும். கலந்து, நனைத்து, மூன்று வாரமாவது நிழலில் வைத்துவிட்டு நாற்று நடுங்கள். ஏற்கெனவே செடி இருக்கும் பை என்றால், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி மேல்மண்ணைக் கிளறி, ஒரு மேசைக்கரண்டி தூவி, மண்புழு உரத்தால் மூடுங்கள். மேலேயே தூவிவிட்டால் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுத் துணிக்குத்தான் சுண்ணாம்புச் சத்து. மறுபடி ஆறு மாதத்துக்கு வேண்டாம். அளவு மீறினால் பி.எச். ஏறி, இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் குருத்து மஞ்சளாகும்.

புது நார்க்கழிவுக் கட்டிக்கு முட்டை ஓடு மட்டும் போதாது. கட்டியை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை பிழிந்து உப்பைக் கழியுங்கள். கடைசி ஊறலில் ஐந்து கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து, ஒரு நாள் வைத்து வடியவிடுங்கள். இயற்கை முறையில்தான் வளர்ப்பேன் என்றால் இதற்குப் பதிலாக ஜிப்சம் போடலாம்.

உடனடித் தேவைக்கு வினிகர் கரைசல்

பிஞ்சு விட்டாயிற்று, தூள் கரையும்வரை காத்திருக்க முடியாது என்ற நிலையில் இது உதவும். வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம் ஓட்டைக் கரைத்து, செடி உடனே எடுத்துக்கொள்ளும் கால்சியம் அசெட்டேட் ஆக்கிவிடும்.

வாய் அகன்ற கண்ணாடிச் சீசாவோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுங்கள். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. வறுத்து நொறுக்கிய ஓடு 50 கிராம் போட்டு, ஒரு லிட்டர் வெள்ளை வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பாதி டப்பா காலியாக இருக்கட்டும், நுரை பொங்கும். மேலே துணி மட்டும் கட்டுங்கள். இறுக்கி மூடினால் வாயு அடைபட்டு டப்பா வெடிக்கும். தினமும் ஒருமுறை ஆட்டிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள்.

குமிழி முழுக்க நின்றபின் அடியில் கரையாத ஓடு மிச்சம் இருக்கவேண்டும். மிச்சம் இருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஓடு எல்லாம் கரைந்து காணாமல் போயிருந்தால் அமிலம் இன்னும் பாக்கி, மேலும் ஒரு கைப்பிடி போடுங்கள். சந்தையில் கிடைக்கும் வினிகர் 4 சதவீத அளவில் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 33 கிராம் ஓட்டைக் கரைக்கும், அதில் 13 கிராம் கால்சியம் சேரும். அதற்கு மேல் எவ்வளவு ஓடு போட்டாலும் கரையாது. வடிகட்டிச் சீசாவில் ஊற்றித் தேதி எழுதி நிழலில் வையுங்கள். மிஞ்சிய ஓட்டை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேருக்கு ஊற்ற ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி. வாரம் ஒருமுறை, பூ விட ஆரம்பித்ததிலிருந்து பிஞ்சு நெல்லிக்காய் அளவு தாண்டும்வரை. அடி அழுகல் தீர்மானமாவது காய் பிடித்த முதல் இரண்டு மூன்று வாரத்தில்தான், காய் பெருத்தபின் ஊற்றிப் பயனில்லை. தெளிக்க வேண்டுமென்றால் லிட்டருக்கு 5 மில்லி, பொழுதோட வெயில் தாழ்ந்த பிறகு. இலையை மட்டும் நனைத்தால் போதாது, அங்கே படிந்தது காய்க்கு வராது என்று முன்பே பார்த்தோம். பூங்கொத்திலும் பிஞ்சிலும் படும்படி தெளியுங்கள். முதலில் நாலு இலையில் தெளித்து மறுநாள் கருகல் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலும்பு உரம், ஜிப்சம், எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) எதையும் இதோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள்.

எலுமிச்சைச் சாற்றில் முட்டையை ஊறவைத்துச் செய்யும் முட்டை அமிலம் நம் ஊர் இயற்கை விவசாயிகளிடம் பிரபலம். அது நல்ல வளர்ச்சியூக்கி, மறுக்கவில்லை. ஆனால் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாக அடியில் படிந்துவிடும். ஓடு கரைந்துவிட்டதே என்று கால்சியம் மருந்தாக அதை எண்ணவேண்டாம்.

ஒரு உண்மையையும் சொல்லவேண்டும். வினிகர் கரைசல் கலந்த ஒரு லிட்டர் தண்ணீரில் 130 மில்லிகிராம் கால்சியம்தான். ஒரு தேக்கரண்டி ஜிப்சத்தில் ஒரு கிராம் அளவுக்கு இருக்கும். உரக்கடையில் ஜிப்சம் விலை மலிவு, பி.எச். என்னவாக இருந்தாலும் கரையும், காரத்தையும் ஏற்றாது. முட்டை சேர்க்காத வீட்டுக்காரர்களுக்கும், சுண்ணாம்பு மண்ணிலும் அடி அழுகல் வருகிறதே என்று தவிப்பவர்களுக்கும் என் முதல் பரிந்துரை அதுதான். பைக்கு ஒரு மேசைக்கரண்டி, மாதம் ஒருமுறை.

சமையலறையின் மற்ற மிச்சங்கள்

வாழைப்பழத் தோல் ஊறல் கால்சியம் தராது. அதில் இருப்பது சாம்பல் சத்து. அது மிகுந்தால் கால்சியம் வேருக்குள் நுழைவதைத் தடுக்கும். அடி அழுகல் உள்ள தக்காளிக்கு அதை ஊற்றுவது நோயைக் கூட்டும். எப்சம் உப்பும் இதே வேலையைத்தான் செய்யும்.

பால் பாக்கெட், தயிர்ப் பாத்திரம் அலசிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். ஒரு லிட்டர் பாலில் 1200 மில்லிகிராம் வரை கால்சியம் உண்டு. ஆனால் பாலையே ஊற்றாதீர்கள், புளித்து நாறும், ஈ மொய்க்கும்.

ஆட்டெலும்பு, மீன்முள் ஆகியவற்றில் கால்சியமும் மணிச்சத்தும் சேர்ந்திருக்கும். குழம்பு எலும்பைக் கழுவிக் காயவைத்து, வெந்நீர் அடுப்பின் தணலில் போட்டால் வெள்ளையாக வெந்து கைக்கே பொடியும். நாய் தோண்டாத ஆழத்தில், பழமரக் குழிகளில் போடுவது நல்லது. மாடிப் பைக்கு வேண்டாம்.

அடுப்புச் சாம்பலும் வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம் உள்ளவைதான், ஆனால் இரண்டும் கடும் காரம். பொரியும் மண்ணில் அவற்றைச் சேர்ப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. முருங்கைக்கீரையின் ஈர்க்குகளும் முற்றிய கறிவேப்பிலையும் எல்லா வீட்டிலும் குப்பைக்குப் போகிறவை. நூறு கிராம் முருங்கை இலையில் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு. உரத்தொட்டியில் போடுங்கள், ஒரு வாளிக் கழிவுக்கு ஒரு மேசைக்கரண்டி ஓட்டுத் தூளும் தூவினால் காய்கறித் தோல்களின் புளிப்பில் அது கரைந்து சேரும். மண்புழுவுக்கும் பிடிக்கும். அரிசி கழுவிய தண்ணீரில் கால்சியம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

தண்ணீர் விடும் ஒழுங்கு

இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுகிற தோட்டத்தில் எந்த மருந்தும் பலிக்காது. செடிக்குள் நீர் ஏறுவது நின்றால் கால்சியமும் நிற்கும். சித்திரை வெயிலில் மாடிப் பைக்குக் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேலே கரும்புச் சோகையோ காய்ந்த இலையோ இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். யூரியாவும் பச்சைச் சாணமும் அதிகம் போனால் இலை மதமதவென்று தழைத்து, காய்க்குப் போகவேண்டிய கால்சியத்தைத் தின்றுவிடும். காய்க்கும் பருவத்தில் இரண்டையும் குறையுங்கள்.

அடி அழுகல்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தக்காளியில் பூ விழுந்த பக்கம் தோல் போலக் காய்ந்து உள்வாங்கிய கருப்பு இருக்கும், குடைமிளகாயில் அது பக்கவாட்டில் வரும். சுரை, புடலைப் பிஞ்சு நுனியிலிருந்து சுருங்கும். பாகல், புடலையில் மஞ்சளாகி விழுந்த பிஞ்சை வெட்டிப் பார்த்தால் புழு நெளிகிறதா? அது பழ ஈயின் வேலை, அதற்குப் பொறி வைக்கவேண்டும்.

ஏற்கெனவே கருத்த காய் திரும்பாது. செடிக்குப் பாரமாக விடாமல் பறித்துவிடுங்கள். பூஞ்சணம் பிடிக்காமல் கருப்பு காய்ந்து இருந்தால், அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை ரசத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். வெட்டி எறிந்தது உரத்தொட்டிக்குப் போகட்டும். அது தொற்றும் நோய் அல்ல.